தரங்கை முதல் இடையன்குடி வரை

வகுப்பறையில் கற்ற பாடங்களுள் பல, பரீட்சை முடிந்தவுடன் நெஞ்சை விட்டு நீங்கிவிடுகின்றன. வழிநடையில் கற்றவையோ நெடுநாள் தங்குகின்றன. விடுதித் தோழராகிய யாம் நால்வர், சென்ற தை மாதத்து விடுமுறையில் தரங்கம்பாடியில் தொடங்கித் தஞ்சை, பாளையங்கோட்டை வழியாக இடையன்குடி வரை சென்று வந்தோம். ஐந்தே நாட்களில் முடிந்த சிறு பிரயாணம் அது. ஆயினும் தேவனுக்கு நன்றி செலுத்துதல் என்பது யாது என்னும் பெரிய வினாவை அது எம்முன் வைத்தது. அவ்வினாவையும், வழியிற் கண்டவற்றையும் இம்மலரின் வாசகர்க்குக் கூறுதல் பயனுடைத்தாகும் என்றெண்ணி எழுதலானோம்.

பழைய மக்கள் மாயவரம் என்றழைக்கும் மயிலாடுதுறையில் ரயிலை விட்டிறங்கி, செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் தரங்கை சேர்ந்தோம். 1792-ஆம் ஆண்டில் புதுக்கிக் கட்டப்பெற்ற நகரவாயிலைக் கடந்தால், அரசர் வீதி கடலை நோக்கி நேராகச் செல்கின்றது. வீதியின் முடிவில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620-இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை மஞ்சள் வண்ணத்தோடு நிற்கின்றது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுச் சென்றனர். அவர்தம் வாணிகம் மறைந்தது. அவர் அரசன் அனுப்பிய இரண்டு குருமார் விதைத்த விதை மாத்திரம் மறையவில்லை.

சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் 1705 நவம்பர் மாதத்தில் கோபன்ஹேகன் துறைமுகத்தில் கப்பலேறி, ஏழு மாதங்களுக்கு மேலாகக் கடலில் அலைந்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் இக்கரை சேர்ந்தனர். அப்பொழுது சீகன்பால்கு ஐயர் எம்மினும் சில ஆண்டே மூத்தவர். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். டேனியக் கோட்டைத் தலைவனாலேயே நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் ஆக்கி 1715-இல் அச்சில் முடித்தார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஐந்து மாதம் நிறையுமுன், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆம் வயதில் அவர் கண்மூடினார். அவ்வாலயத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அக்கல்லறையருகே யாம் சிறிது நேரம் நின்றோம். யாம் கையிலேந்திச் சென்ற வேதபுத்தகத்தின் எடை அன்றுதான் எமக்குத் தெரிந்தது. பத்து வயதில் ஞாயிறு பள்ளிப் பரிசாகப் பெற்ற புத்தகம் அது. அதன் விலை இன்னதென்று அதுவரை யாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பிற்பகலில் கடற்கரை சென்றோம். 1306-ஆம் ஆண்டில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கோட்டை மதிலின் நிழலில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எந்த ஊர்ப் பிள்ளைகள் தம்பி?" என்று அன்போடு வினவினார். பேச்சு 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையைத் தொட்டது. கிறிஸ்து பிறந்த நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், இக்கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. இவ்வூர் அந்நாளில் அடங்கியிருந்த நாகை மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அம்மூதாட்டி தம் தமக்கை மகனை அன்று இழந்தவராம்.

"இருக்கிறவங்க சாமியைக் கும்பிடத்தானே வேணும் தம்பி. நானும் கும்பிடுறேன். ஆனா, போனவன் பேரையும் சொல்லித்தான் கும்பிடுவேன். அவன் பேரை விட்டுட்டுக் கும்பிட்டா அது பாதிக் கும்பிடு" என்றார். பிறகு தராசை எடுத்துக்கொண்டு அடுத்து வந்தவரைக் கவனிக்கலானார்.

அன்றிரவு யாம் தங்கிய அறையில் வழக்கம்போல் ஜெபத்திற்குக் கூடினோம். எம்முள் ஒருவர் 2021-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் தம் தாயாரை இழந்தவர். அவர் பாடுவார், வேதம் வாசிப்பார், பிறருக்காக மன்றாடுவார். ஆயினும் ஸ்தோத்திரம் செலுத்தும் முறை தமக்கு வருங்கால் மௌனமாயிருந்து விடுவார். அன்றும் அவ்வாறே இருந்தார். விளக்கை அணைத்தபின், எம்முள் மூத்தவரை நோக்கி, "அண்ணா, பிழைத்தவர்கள் பிழைத்ததற்காகத் துதிக்கிறார்கள். அது நியாயமே. அம்மாவுக்காக நாங்களும் மன்றாடினோமே! நான் எதைச் சொல்லித் துதிப்பது?" என்றார்.

மூத்தவர் உடனே விடை கூறவில்லை. அதற்கு ஏற்ற வயதும் அனுபவமும் எம்மில் எவருக்கும் இல்லை. சற்றுப் பொறுத்து, "தம்பி, இன்று கல்லறையில் கண்டோமே, அவர் பழைய ஏற்பாட்டில் எதுவரை மொழிபெயர்த்தார் தெரியுமா? ரூத் வரை. அங்கே அவருடைய எழுதுகோல் நின்றுவிட்டது. நாளைக் காலையில் அப்புத்தகத்தை வாசிப்போம்" என்றார்.

மறுநாள் வைகறையில் ரூத்தின் நான்கு அதிகாரங்களையும் வாசித்தோம். அதுவும் ஒரு பிரயாணத்தின் கதையே. பஞ்சத்தினால் மோவாபுக்குச் சென்ற நகோமி, கணவனையும் இரு குமாரரையும் அங்கே அடக்கம் செய்துவிட்டு வெறுங்கையோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். தன் வாழ்வைத் தேவன் கசப்பாக்கினார் என்று ஊர்ப்பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்லுகிறாள். அவ்வாறு சொன்னதற்காக அந்நூல் அவளை எங்கும் கடிந்துகொள்ளவில்லை. இறுதியில் அவள் மடியில் ஒரு குழந்தை வருகின்றது. எனினும் இழந்தவர் திரும்பவில்லை. மரித்தவருடைய பெயர் ஊரார் நடுவே நிலைத்திருக்க வேண்டும் என்பதே போவாஸின் எண்ணமாயிருந்ததைக் காண்கிறோம். கருவாடு விற்ற மூதாட்டியின் சொல்லும் அப்பொழுது எம் நினைவுக்கு வந்தது. எம் தோழர் ஒன்றும் கூறாது புத்தகத்தை மூடிவைத்தார்.

சீகன்பால்கு ஐயர் விட்ட இடத்திலிருந்து சூல்ச் ஐயர் தொடர்ந்தார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் இவ்வூரில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. விதைத்தவர் இவை ஒன்றையும் கண்ணாற் காணவில்லை.

அங்கிருந்து தஞ்சை சென்றோம். சிவகங்கைப் பூங்காவை அடுத்து 1779-இல் கட்டப்பெற்ற சுவார்ட்ஸ் ஐயர் ஆலயம் உள்ளது. 1750-இல் இந்நாட்டிற்கு வந்த ஐயர், 1798-இல் தஞ்சையில் மரிக்கும் வரை 48 ஆண்டுகள் தாய்நாடு திரும்பவேயில்லை. ஐதரலியின் படையெடுப்பால் பஞ்சம் நேர்ந்த காலத்தில், அரசாங்கத்தின் சொல்லை நம்பாத குடியானவர்கள், இவர் ஒருவருடைய வாக்கை நம்பி நெல் கொண்டுவந்து கொடுத்தனர். துளஜா மன்னர் தம் சுவிகார புத்திரராகிய சரபோஜியை இவர் பாதுகாவலில் ஒப்புவித்தார்.

அவ்வாலயத்தினுள் ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கற் சிற்பம் ஒன்று உண்டு. மரணப்படுக்கையில் ஐயர் கிடக்க, இளவயது மன்னராகிய சரபோஜி அவருடைய கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். அதனை அமைப்பித்தவர் சரபோஜி மன்னரே. அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை, தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்திருந்தார். ஆயினும் தம்மை வளர்த்த கையை அவர் மறக்கவில்லை. பிழைத்து எழுந்தவரின் உருவத்தை அவர் செதுக்கச் சொல்லவில்லை. மரித்துக்கொண்டிருப்பவரின் கையைத் தாம் பற்றியிருக்கும் அந்த வேளையையே நன்றியின் அடையாளமாகக் கல்லில் நிறுத்தினார். எம் தோழர் மற்றவர் வெளியேறிய பின்னும் அங்கே தனித்து நின்றார். கொள்ளைநோய் விதிகளின் காரணமாக, தாயாரின் கையைப் பற்றும் பேறு அவருக்குக் கிட்டவில்லை என்பதை யாம் அறிவோம். ஆதலால் அவரை அழைக்காமல் வாயிலில் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் பாளையங்கோட்டை அடைந்தோம். ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று வழங்கும் சிற்றாலயத்தைக் கண்டோம். மராட்டியப் பிராமண குலத்துக் கைம்பெண்ணாகிய கிளாரிந்தா அம்மையார், 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, தம் முயற்சியால் எழுப்பிய ஆலயம் இது. 1785-இல் ஐயர் இதனைப் பிரதிஷ்டை செய்தார். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பதே. நெல்லைத் திருச்சபையின் வரலாறு ஒரு கைம்பெண்ணின் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது என்று கூறின் தவறாகாது. 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் இங்கு வந்து உழைத்தார். தாவீது சுந்தரானந்தம் என்பவர் தம் சொந்த மக்களிடையே சுவிசேஷம் அறிவித்தார். அதன் பயனாக 1799-இல் முதலூர் என்னும் கிறிஸ்தவ ஊர் தோன்றியது. மேனாட்டார் பெயர்களைச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்லாவிடில் அதுவும் பாதித் துதியேயாகும்.

மறுநாள் திசையன்விளை வழியாக இடையன்குடி சென்றோம். செம்மணல் தேரியும், பனங்காடும், காற்றும் வெயிலும் நிறைந்த நிலம் அது. 1838-இல் சென்னையில் இறங்கிய கால்டுவெல் ஐயர், 1841-இல் நீலகிரி வழியாகக் கால்நடையாகவே நெல்லைச் சீமைக்கு வந்தவர். யாம் குளிர்ந்த காற்று வீசும் பேருந்தில் உறங்கிக்கொண்டு கடந்த வழியை அவர் பாதங்களால் அளந்தார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழுக்கு உலகப் புகழ் தேடினார். அவர் துணைவியார் எலைசா அம்மையார் பெண்குழந்தைகளுக்குக் கல்வியும், பின்னல் வேலையும் கற்பித்தார்.

இடையன்குடி ஆலயத்திற்கு 1847-இல் அடிக்கல் நாட்டினர். அது பிரதிஷ்டை செய்யப்பட்டது 1880-இல். இடையே 33 ஆண்டுகள்! அடித்தளத்திற்குக் கல் சுமந்த தோள்களுள் எத்தனையோ, கூரை ஏறியதைக் காணாமலே மண்ணுக்குள் சென்றிருக்கும். அவர்கள் பெயர் எச்சுவரிலும் இல்லை. 1891-இல் கோடைக்கானலில் மரித்த கால்டுவெல் அத்தியட்சரின் உடலை இங்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்தினுள்ளேயே அடக்கம் செய்தனர்.

அந்தி வேளையில் அவ்வாலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து நால்வரும் ஜெபித்தோம். முறை எம் தோழருக்கு வந்தது. வழக்கம்போல் மௌனம் நிலவியது. அடுத்தவர் தொடங்கலாம் என்று எண்ணிய வேளையில், அவர் தம் தாயாரின் பெயரைச் சொன்னார். பிறகு மெல்லிய குரலில், "கர்த்தாவே, நாங்கள் கேட்டதை நீர் தரவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் கேளாமலே 17 ஆண்டுகள் அவரை எனக்குத் தந்திருந்தீர். மாற்கு சுவிசேஷத்தை விரல் வைத்து எனக்கு எழுத்துக் கூட்டக் கற்பித்தார். அதற்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. ஆமென் என்று மூவரும் சொன்னோம். வெளியே பனையோலைகளின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் துக்கம் அன்றோடு தீர்ந்தது என்று யாம் எழுதமாட்டோம். திரும்பும் வழியிலும் அவர் சில வேளை கண் கலங்கினார். ஆயினும் நன்றி என்பதைக் குறித்து எம் எண்ணம் மாறியது. தப்பித்தவற்றைக் கணக்கிட்டுப் பார்த்து, மிகுதி வந்தால் துதிப்பதும், குறைவு வந்தால் வாய் அடைத்திருப்பதும் வாணிகர் வழக்கம். நம்மைச் சுமந்து வந்தவர்களைப் பெயர் சொல்லி நினைத்து, அவர்களைத் தந்தவரைத் துதிப்பதே விசுவாசிகளின் வழக்கம். அத்துதியில் கண்ணீருக்கும் இடமுண்டு. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் பதினோராம் அதிகாரம், வாக்குத்தத்தத்தின் நிறைவைக் காணாமலே மரித்தோரின் பெயர்களையே வரிசையாகச் சொல்லுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம்.

மாணவ நண்பர்களே, நாம் அமர்ந்து கற்கும் அறைகளும், நூல் நிலையமும், நிழல் தரும் மரங்களும் நாம் உண்டாக்கியவை அல்ல. யாரோ ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தனர். யாரோ தம் நாட்டை விட்டு வந்து இந்நாட்டு மண்ணில் உறங்குகின்றனர். அவர்களுக்கு நாம் பட்ட கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தல் இயலாது. அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்தலே அக்கடனைத் தீர்க்கும் வழி. ஒவ்வொருவர் வாழ்விலும் எழுதுகோல் ஏதோ ஓர் அதிகாரத்தில் நிற்கத்தான் செய்யும். அடுத்த அதிகாரத்தை எழுதுவோர் வருவார் என்ற நம்பிக்கையோடு, நமக்குக் கிடைத்த பக்கத்தைச் செவ்வையாக எழுதும் கிருபையைத் தேவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.