இழையத் துண்டிலிருந்து முன்கணிப்பு

ஒரு மரபணு கலத்தில் எவ்வளவு இயங்குகிறது என்பதை அது உண்டாக்கும் ஆர்.என்.ஏ.யின் அளவு காட்டும். நுரையீரல் கட்டியை வெட்டியெடுத்தபின் நோய் திரும்புமா என்பதை இந்த அளவைக் கொண்டு கணிப்பதே மரபணு வெளிப்பாட்டு முன்கணிப்பு. தேவை உண்மையானது. முதல் நிலையிலேயே சத்திரசிகிச்சை செய்தவர்களிலும் ஒரு பகுதியினருக்கு நோய் மீள்கிறது. யாருக்கென்று நுணுக்குக்காட்டி மட்டும் சொல்லிவிடுவதில்லை.

2007இல் தாய்வான் ஆய்வாளர்கள் ஐந்து மரபணுக்களைக் கொண்ட கணிப்பை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றான எல்.சி.கே., வழமையாக ரி நிணநீர்க் கலங்களில் இயங்குவது. கட்டிக்குள் அந்தக் கலங்கள் நிறைந்திருந்தால் அளவு ஏறும். அளக்கப்படுவது புற்றுக் கலமா, அதை எதிர்க்க வந்த கலமா என்று ஆய்வுகூடம் கேட்டாக வேண்டும். அதனால்தான் ஆர்.என்.ஏ. பிரிக்குமுன் சாயமிட்ட துண்டைப் பார்த்து, புற்றுக் கலம் செறிந்த பகுதியைப் பேனையால் வட்டமிட்டு, அதை மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். 2012இல் வந்த 14 மரபணுச் சோதனை, உறைநிலையில் வைக்காமல் பரபின் மெழுகில் பதித்த இழையத்திலேயே செய்யக்கூடியது; நடைமுறைக்கு அதுவே பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஒரே கட்டியின் இரு மூலைகள் இரு வேறு விடை தரலாம். 2019இல் பிரித்தானிய ஆய்வொன்று, கட்டி முழுவதும் ஒரே சீராக இயங்கும் 23 மரபணுக்களைத் தேர்ந்தது இதற்காகவே.

கைவேலையின் பங்கும் பெரிது. இழையம் உடலைவிட்டுப் பிரிந்ததுமே அதன் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கும். அதைப் பதப்படுத்தும் போமலின், இழையத்தின் பருமனைப்போல் பத்து மடங்காவது வேண்டும். ஊறும் நேரம் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, நாட்கணக்கில் நீளவும் கூடாது.

வட இலங்கையின் விசுவமடுவில் ஒருவருக்கு இருமல் நீடித்தால் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள், அது முறையானதே. சளியில் கிருமி இல்லாதபோதும் மேலே தேடாமல் விடுவதுதான் ஆபத்து. இப்படித் தாமதித்து, புற்று பரவியபின் வருபவருக்கு, வெட்டியெடுத்த கட்டிக்காக உருவான இந்தக் கணிப்புகள் பொருந்தா. அவருக்கு வேண்டியது எந்த மருந்து பயன்தரும் என்பது. அதை ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றமும் பி.டி.-எல்1 புரதமும் ஓரளவு சொல்கின்றன. ஊசியால் எடுத்த நூலிழைத் துண்டில் இச்சோதனைகளுக்கும் மீதி வேண்டும். ஆகவே இழையம் பதித்த பரபின் மெழுகை முதல்முறை சீவும்போதே வெற்றுத் துண்டுகளை ஒதுக்கிவைக்க வேண்டும். தீர்ந்துபோனால், நோயாளி பரந்தன், ஆனையிறவு தாண்டித் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு மறுபடி வர வேண்டியிருக்கும். இரண்டாவது ஊசியில் நுரையீரலைச் சூழக் காற்றுக் கசியும் ஆபத்தும் இருக்கிறது.