பின்யோன் புகை

நியூ மெக்சிகோவின் தலைநகரான சாண்டா ஃபே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் பகல் வெயில் சுள்ளென்று உறைக்கும். சூரியன் சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு கணப்பு மூட்டுவார்கள். நகரச் சதுக்கத்திலிருந்து விடுதிக்கு நடந்து வந்தபோது அந்தப் புகை வந்தது. கண்ணைக் கரிக்காத, லேசான இனிப்போடு பிசின் வாடை கலந்த புகை. அப்படியே நின்றுவிட்டேன்.

“பின்யோன் விறகு, பெரியம்மா. இந்த ஊர்க்காரங்க வெளியூர் போனா இந்த வாசனைக்குத்தான் ஏங்குறாங்க” என்றான் என் தங்கை மகன். அல்புகர்க்கியில் வேலை பார்க்கிறான். மூன்று மாதமாக வா வா என்று அழைத்தவன் அவன்தான்.

மறுநாள் அந்த மரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். தேடிப் போகவே தேவையில்லை. ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கரும்பச்சைத் திட்டுகளாக நிற்பவை எல்லாம் பின்யோனும் ஜூனிப்பரும்தான். பின்யோன் பைன் இனம்தான், அதற்காக வானளாவ நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம், முறுக்கிய உடம்பு, இரண்டிரண்டாகச் சேர்ந்த குட்டை ஊசியிலைகள். ஒரு காயைத் திருகிப் பார்த்தேன். விரலில் ஒட்டிய பிசின் சாயங்காலம் வரை போகவில்லை, அதன் மணமும் போகவில்லை. காய்க்குள் இருக்கும் விதையை அந்த மண்ணின் மக்கள் பல நூறு தலைமுறைகளாகத் தின்று வந்திருக்கிறார்கள். நவஹோ மக்கள் மண்பானையைச் சுட்டு எடுத்த சூட்டோடு அதன்மேல் பின்யோன் பிசினைப் பூசுவார்கள், நீர் கசியாது. உணவு, விறகு, பானைக்குப் பூச்சு என்று இத்தனைக்கும் உதவும் மரத்தை 1949இல் மாநில மரமாக அறிவித்தது நியாயம்தான்.

அதே குன்றில் பட்டுப்போன மரங்களும் நின்றன. சாம்பல் நிறத்தில், இலை ஒன்றுகூட இல்லாமல். 2002, 2003ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் பட்டைத் துளைப்பான் வண்டுகள் இந்த மரங்களைச் சூறையாடின. சாண்டா ஃபேக்கு அருகே லாஸ் அலமோஸ் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்த ஓர் இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பின்யோன் மரங்கள் செத்துப் போயின. வண்டு துளைக்கும்போது மரம் சும்மா இருப்பதில்லை. துளை வழியே பிசினைப் பெருக்கி வண்டை வெளியே தள்ளும். பிசின் சுரக்கத் தண்ணீர் வேண்டும். மழை பொய்த்தால் பிசின் வற்றும், வண்டு ஜெயித்துவிடும். நாம் மணம் மணம் என்று கொண்டாடுவது அந்த மரம் தன் உயிரைக் காத்துக்கொள்ளச் சுரந்த பிசின்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புகையை என்னால் சாதாரணமாக முகர முடியவில்லை.

இந்த விறகின் மணத்தைக் கணப்பில்லாத வீட்டுக்கும் கொண்டுபோக ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பின்யோன் மரத்தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சுண்டுவிரல் பருமனில் சின்னக் கட்டைகளாகக் காயவைக்கிறார்கள். வாசனை எண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. மரம் எப்படி மணக்குமோ அப்படியே மணக்கும். ஜூனிப்பர், மெஸ்கீட் என்று மற்ற மரங்களிலும் உண்டு. எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பின்யோனுக்குத்தான் வந்தேன்.

நம் ஊர் ஊதுபத்தியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இன்று கடையில் கிடைக்கும் பத்திகளில் பெரும்பாலானவை கரித்தூளையும் மரத்தூளையும் ஒட்டுவதற்கான ஜிகட் பொடியோடு பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டி, பிறகு வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்தவை. மல்லிகை என்றும் சந்தனம் என்றும் அட்டையில் போட்டிருக்கும், எரிவதென்னவோ கரி. கம்ப்யூட்டர் சாம்பிராணியும் பெரும்பாலும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணியைத் தூவி, தலைக்குக் குளித்த பிள்ளைகளின் முடிக்குப் புகை காட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கத்துக்கு இந்தப் பின்யோன் கட்டை பக்கத்து உறவு. எரியும் பொருளும் மணக்கும் பொருளும் ஒன்றாக இருந்தால்தான் அது தூபம் என்பது என் கட்சி.

கட்டையைக் கொளுத்தி வைக்க அங்கே சுடுமண்ணில் சின்ன வீடு செய்கிறார்கள். நகருக்கு வெளியே ஒரு பட்டறையில் ஓர் அம்மாள் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். களிமண்ணைச் சப்பாத்தி மாதிரி தேய்த்து, மெல்லிய கத்தியால் நான்கு சுவர்களை வெட்டினார். சேர்க்கும் விளிம்புகளைக் கீறி, குழைத்த மண்ணைத் தடவி ஒட்டினார். மூலைகள் கூர்மையாக நிற்கக் கூடாதாம். ஈரத் துணியால் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார். பிறகு மண்ணைச் சிறு குச்சிகளாக உருட்டி, கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டினார். அந்த ஊர் மண்வீடுகளில் உத்தரக் கட்டைகள் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் இவை. கடைசியில் வாசலையும் புகைபோக்கியையும் திறந்தார். “வாசல் சின்னதாகிவிட்டால் காற்று போகாது, கட்டை அணைந்துவிடும். பெரிதாகிவிட்டால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும்” என்று சொல்லி, தன் கட்டைவிரலை வாசலில் நுழைத்துக் காட்டினார். அதுதான் அவருடைய அளவுகோல்.

பிறகு ஒரு கட்டையை ஏற்றினார். நுனியில் தீ பிடித்ததும் சிறிது எரியவிட்டு, ஊதி அணைத்து, கனலோடு நிறுத்தி, மேலே சுட்டு எடுத்த வீடு ஒன்றைக் கவிழ்த்தார். சற்று நேரத்தில் புகைபோக்கியிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது. 

அந்த வீடு கற்பனையில் பிறந்ததல்ல. சாண்டா ஃபேயின் பழைய பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மழுங்கிய மூலைகள், அதே மண் நிறம். களிமண்ணும் மணலும் வைக்கோலும் கலந்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் கட்டுவதை அடோபி என்கிறார்கள். பழைய பகுதியில் புதுக் கட்டடமும் அந்த மரபுத் தோற்றத்தில்தான் எழும்ப வேண்டும் என்று 1957இலேயே நகரம் சட்டம் போட்டுவிட்டது. உள்ளே அறை மூலையில் வளைந்த மண் கணப்பு. அதில் விறகைப் படுக்க வைப்பதில்லை, நிமிர்த்திச் சாய்த்து வைக்கிறார்கள்.

வடக்கே தாவோஸ் பூர்வகுடிக் கிராமத்துக்கும் போனோம். மாடி மேல் மாடியாக அடுக்கிய மண்வீடுகள். 1992இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற இடம். பழைய குடியிருப்புக்குள் இன்றும் மின்சாரம் கிடையாது. வீட்டு வாசல்களில் குவிமாட வடிவில் மண் அடுப்புகள் நிற்கின்றன. ஓர்னோ என்று பெயர். ஸ்பானியர் கொண்டுவந்தது, அவர்கள் மூர்களிடம் கற்றது. உள்ளே விறகை எரித்து, தணலை வாரி எடுத்துவிட்டு, சுவரில் தங்கிய சூட்டிலேயே ரொட்டி சுடுகிறார்கள். அருகே ரான்சோஸ் தே தாவோஸில் உள்ள மண் தேவாலயத்துக்கு அந்தப் பங்கு மக்களே ஆண்டுதோறும் கூடி மண் பூசுகிறார்கள். பூசாவிட்டால் மழையில் கரைந்துவிடும். கைப்பாடு தொடர்ந்தால்தான் கட்டடம் நிற்கும்.

கடைகளில் தூபக்கால் வடிவங்கள் பல கிடைக்கின்றன. வீடு, ஓர்னோ, தேவாலயம், கூம்புக் கூடாரம், கீவா. இவற்றில் கீவா வடிவம் எனக்கு உறுத்தியது. பூர்வகுடி மக்கள் சடங்கு நடத்தும் அறை அது. தாவோஸில் வெளியாருக்கு உள்ளே அனுமதியில்லை. அதை அலங்காரப் பொருளாக என் மேசையில் வைக்க மனம் ஒப்பவில்லை. ரொட்டி சுடும் ஓர்னோ எல்லார் வீட்டுக்கும் பொது. அதைத்தான் வாங்கினேன்.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டை வாங்கும்போது, மரத்தூளைத் தவிர வாசனை எண்ணெய் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தூபக்கால் வாங்கும்போது நன்றாகத் திருப்பிப் பாருங்கள். அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் கோடு ஓடும். கையால் செய்ததில் விரல் தடம் இருக்கும். பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் செய்தவர் யார், எந்தக் குடி என்று கேட்கத் தயங்க வேண்டாம். சதுக்கத்தில் இருக்கும் பழைய ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்கள் தரையில் துணி விரித்துத் தாங்களும் தங்கள் வீட்டாரும் செய்தவற்றை விற்கிறார்கள். முதலில் அங்கே போங்கள். செய்தவர் பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.