தாளிப்பின் அளவு

கொழுப்பு என்னும் சொல்லைத் தமிழில் நாம் இரு பொருளில் ஆளுகிறோம். உடம்பில் சேர்வதும் கொழுப்பு, வாய்த்துடுக்கும் கொழுப்பு. இரண்டையும் யாரும் பாராட்டுவதில்லை. பன்றிக்கொழுப்பு என்றாலோ பேச்செடுக்கும் முன்பே முகம் சுளிப்போர் பலர். ஆயினும் எங்கள் அம்மாவின் அடுப்படியை எண்ணும்போதெல்லாம் உடன்பிறந்தோர் நால்வருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொழுப்பு உருகும் மணமே.

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரில், உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பன்றியை வாங்கிக் கூறு போடுவது வழக்கம். கறியில் எல்லாரும் கண்ணாயிருப்பார்கள். அம்மாவோ பிறர் ஒதுக்கும் கொழுப்பையும் கேட்டு வாங்கி வருவார். அதைச் சிறு துண்டுகளாக அரிந்து, இரும்புச் சட்டியில் இட்டு, ஒரு கை நீர் தெளித்து, மெல்லிய தீயில் வைப்பார். நீர் முதலில் கொதிக்கும். அது வற்றுமுன் கொழுப்பு இளகத் தொடங்கிவிடும்; ஆகவே துண்டுகள் அடிப்பிடிப்பதில்லை. சடசடப்பு ஓய்ந்து, துண்டுகள் பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டுவார். முறுகிய சக்கைகளில் உப்புத் தூவி எங்களுக்குத் தருவார். வடிந்த நெய் பீங்கான் ஜாடியில் ஆறி, வெண்ணெய்போல் உறையும்.

அந்த ஜாடி எங்களுக்கு மாதக்கணக்கில் வரும். காரணம், அம்மா அதை ஒருபோதும் அள்ளி ஊற்றியதில்லை. ஒரு கரண்டி நெய்யில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, கத்தரிக்காயிலோ முருங்கைக்கீரையிலோ கொட்டுவார். அவ்வளவுதான். கறி வாங்க இயலாத நாள்களிலும் கறி மணக்கும் வீடாக எங்கள் வீடு இருந்தது அந்த ஒரு கரண்டியால்தான். தவக்காலம் நாற்பது நாளும் அவர் ஜாடியைத் தொடமாட்டார்.

பிற்காலத்தில் படித்தபோது, அம்மா திருச்சபையைவிடக் கண்டிப்பாக இருந்திருக்கிறார் என்று அறிந்து வியந்தோம். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சுத்தபோசன நாள்களில் இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் விலக்கியது. விலங்குக் கொழுப்பால் ஆன தாளிப்புப் பொருள்களை விலக்கவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட 'பெனித்தேமினி' என்னும் ஆவணமும் இதையே உரைத்தது. ஒலிவ மரம் வளராத குளிர்நாடுகளில் ஏழையின் சட்டிக்குப் பன்றிக்கொழுப்பும் எண்ணெயாக இருந்ததை எண்ணும்போது, இச்சலுகையின் பரிவு விளங்குகிறது. உக்ரைன் நாட்டார் கொழுப்பை உப்பிட்டுப் பதப்படுத்தி, 'சாலோ' என்று ரை ரொட்டியோடு உண்கிறார்கள். நம் அண்டையில் கோவாக் கத்தோலிக்கர் சமைக்கும் 'சொர்போத்தலும்', குடகு மக்களின் 'பந்திக் கறியும்' கொழுப்போடு கூடிய பன்றிக்கறியால் ஆனவை. அந்தக் கொழுப்பைப் புளிப்பு கொண்டு சமன் செய்வதில் இரண்டும் ஒன்று: முன்னதில் காடி, பின்னதில் கச்சம்புளி.

இனி எங்கள் வீட்டுத் துயரத்தைச் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக நாங்கள் நகருக்குக் குடிபெயர்ந்தோம். வாடகை வீட்டில் பன்றிக்கொழுப்பு உருக்கக் கூச்சப்பட்டு, வனஸ்பதிக்கு மாறினோம். அதுவே நாகரிகம் என்றும் நம்பினோம். விழாவுக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் ஜாடி நிறைந்து வரும். 1994-இல் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். மருத்துவர் எங்கள் உணவைப் பற்றி விசாரித்து, "பன்றிக்கொழுப்பை இனி வீட்டிலேயே வைக்காதீர்கள்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜாடியைச் சாம்பலிட்டுக் கழுவினார். பிறகு அதில் எலுமிச்சை ஊறுகாய்தான் இருந்தது.

அப்பா 2003-இல் இறைவனடி சேர்ந்தார். நாள்தோறும் ஒரு கட்டுக்குக் குறையாமல் பீடி புகைத்தவர் அவர். அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை. அம்மா மட்டும் தம் கரண்டியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூத்தவரின் மகன், 'பேலியோ' உணவுமுறையில் ஈடுபட்டவன், பன்றிக்கொழுப்பு மருந்துக்குச் சமம் என்று பாட்டியிடம் ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா நெடுநேரம் கேட்டுவிட்டு, "அப்படின்னா ஒங்க தாத்தாவ நான் கொல்லலையா, ஐயா?" என்றார்.

நாங்கள் திகைத்து நின்றோம். ஒன்பது பிள்ளைப்பேறும் பஞ்சமும் கண்ட அந்த மனம், இத்தனை ஆண்டுகளாக இப்பாரத்தைத் தனியே சுமந்திருக்கிறது! ஒப்புரவு அருளடையாளத்தில்கூட அதைச் சொன்னாரோ என்னவோ.

அவருக்கு ஆறுதல் சொல்வதற்காகவேனும் உண்மையை அறிய முற்பட்டோம். பன்றிக்கொழுப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அதைவிடச் சற்று மிகுதியாக, ஒலிவ எண்ணெயில் நிறைந்துள்ள அதே ஒலிக் அமிலம் முதலானவை உள்ளன. நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயில் இதைவிட அதிகம். தேங்காயெண்ணெயில் இரு மடங்குக்கும் மேல். வெயிலில் திரிந்த பன்றியின் கொழுப்பில் வைட்டமின் டி-யும் சேர்கிறது. ஆனால் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கில் எந்தக் கொழுப்புக்கும் விலக்கில்லை. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒரு மேசைக்கரண்டிப் பன்றிநெய்யில் இருப்பதோ சுமார் 5 கிராம். நாங்கள் நாகரிகமென்று நம்பிய வனஸ்பதியில்தான் இதயத்துக்கு மிகக் கேடான டிரான்ஸ் கொழுப்பு மிகுந்திருந்தது. அதை எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் விதி நம் நாட்டில் 2022 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பேரன் சொன்னதுபோல் அது மருந்தன்று. மூலநோய்க்குப் பன்றிக்கறியே போதும் என்று மருத்துவரைத் தவிர்ப்போரும் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இதயநோயாளிக்கு மருத்துவர் அதை விலக்கியதும் தவறன்று. எனினும் அது நஞ்சுமன்று. அம்மா அதைத் தாளிப்பாகவே வைத்திருந்தார். திருச்சபைச் சட்டமும் அதைத் தாளிப்பு என்றே அழைத்தது. உணவாக அதை உயர்த்தும்போதும், பகையாக அதைத் துரத்தும்போதும் நாம்தான் அளவை இழக்கிறோம்.

இதையெல்லாம் அம்மாவின் அருகில் அமர்ந்து பொறுமையாகச் சொன்னோம். பீடியைப் பற்றியும் முதன்முறையாகப் பேசினோம். "உங்கள் கரண்டி மட்டுமே அவரைக் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது, அம்மா" என்றோம். முழு விடுதலையை அளிக்க எங்களால் இயலவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து வந்ததும், கால் கிலோ கொழுப்பு வாங்கிவரச் சொன்னார். தாமே அடுப்பருகில் நாற்காலியிட்டு அமர்ந்து, தீ மிகாமல் பார்த்துக்கொண்டார். ஒரு கரண்டி நெய்யில் வெங்காயம் வதங்கிக் கத்தரிக்காயில் விழுந்தது. மீதியை எதில் ஊற்றுவது என்று நாங்கள் தேடியபோது, ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்.