ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி

புனே நகரின் கோத்ரூட் பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில், இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு தாய் தன் எட்டு வயது மகளின் நோட்டைப் புரட்டுகிறார். பக்கங்களில் பூனைகள், ரயில் பெட்டிகள், சுவரில் கண்ட பல்லியின் நீளத்தைக் குறித்துவைத்த கோடுகள். எழுத்து என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அதே வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். நோட்டை எடுத்த இடத்தில், எடுத்த கோணத்திலேயே திரும்ப வைக்கிறார். தான் வேவு பார்த்தது மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு ஐந்து வயது. இருவருமே பள்ளிக்குச் சென்றதில்லை. வீட்டுக்கல்வி என்றால் வீட்டுக்குள்ளேயே பாடநூலும் கால அட்டவணையும் இருக்கும். இந்த வீட்டில் அவையும் இல்லை. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1970களில் ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயரிட்ட வழி இது. பிள்ளையின் ஆர்வம் எங்கே போகிறதோ அதன் பின்னால் பெற்றோர் போவது. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு அந்தத் தாய் இதைத் தேர்ந்தபோது, அவரை முழுமையாக நம்பவைத்தது ஒரே ஒரு வாதம்தான்: பேச்சை யாரும் பாடம் நடத்திக் கற்பிப்பதில்லை, ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

அந்த வாதத்துக்குச் சான்று அவர் வீட்டிலேயே கிடைத்தது. மகள் மூன்று வயதில் ‘ஓடினேன்’ என்பதை ‘ஓட்டேன்’ என்பாள். ‘பாடினேன்’ என்பது ‘பாட்டேன்’. அந்த வீட்டில் எவரும் அப்படிப் பேசியதில்லை. ‘போடு, போட்டேன்’ என்ற வாய்பாட்டைத் தானே கண்டுபிடித்து, செல்லாத இடத்துக்கும் அதை நீட்டியிருந்தாள். பிழைதான், ஆயினும் இலக்கணம் அறிந்த பிழை. சில மாதங்களில், எவரும் திருத்தாமலேயே, அது தானாக உதிர்ந்தது. இதைக் கண்ட எந்தப் பெற்றோருக்கும் கற்பித்தல் என்ற தொழிலின் மேலேயே ஐயம் வருவது இயல்பு.

வாதத்தின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. பேச்சு இல்லாத மனிதச் சமூகம் எதுவும் இல்லை. எழுத்தில்லாத சமூகங்களோ ஏராளம். எழுத்துக்கு வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான். உலகில் மிகச் சில இடங்களில்தான் அது புதிதாகத் தோன்றியது. மற்ற எல்லாரும் பிறரைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள். பேச்சு நடுவே வளரும் பிள்ளை பேசும். புத்தகங்கள் நடுவே வளரும் பிள்ளைகளில் சிலர் தாமாகவே படிக்கிறார்கள். எல்லாரும் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. மொழியியல் வகுப்பில் முதல் பருவத்திலேயே சொல்லித்தரும் இந்த வேறுபாட்டை அந்தத் தாய் எவரிடமும் கேட்டறியவில்லை. மகளுக்கு ஏழு முடிந்து எட்டு தொடங்கியபோது, நோட்டின் வெற்றுப் பக்கங்களிலிருந்து அவரே அறிந்துகொண்டார்.

அதன் பிறகு சோதனைகள் தொடங்கின. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மறந்தவர் போல, “இதுல என்ன போட்டிருக்கு கண்ணு?” என்று கேட்பார். மகள் பாக்கெட்டைப் பார்க்கமாட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். புருவம் உயர்கிறதா, உதடு எந்த எழுத்துக்குக் குவிகிறது என்று பார்த்து, அதன்படி ஒரு சொல்லை ஊகித்துச் சொல்வாள். குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்பதைப் பற்றி ஹோல்ட் 1964இல் வெளியிட்ட நூல், வகுப்பறைப் பிள்ளைகள் விடையை ஆசிரியரின் முகத்தில் தேடும் இதே உத்தியைத்தான் விரிவாகப் பதிவுசெய்கிறது. அந்நூலைப் படித்து மகளைப் பள்ளியிலிருந்து காத்தவர், சமையலறையில் அதே ஆசிரியராக நின்றுகொண்டிருந்தார். அன்றிரவு அவர் உறங்கவில்லை.

வெளியிலிருந்து வரும் கேள்விகள் இவ்வளவு வலிப்பதில்லை. தஞ்சாவூரிலிருந்து அவருடைய அம்மா தொலைபேசியில், அண்ணன் மகன் நூறு குறள் ஒப்பிப்பதைச் சொல்லிவிட்டுச் சற்று மௌனமாவார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் கூறப்படவில்லை. பதினான்கு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இன்னும் ஆறு ஆண்டுகள் என்று கணக்கிட்டு அவர் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

தேற்ற முடியாத கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணியைப் பிள்ளைகள் ‘மாவ்ஷி’ என்பார்கள். மராத்தியில் சித்தி, பெரியம்மா. ஒரு நாள் மாவ்ஷி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டார்: “தாயி, உங்களிடம் பணம் இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை?” (‘தாயி’ என்றால் மராத்தியில் அக்கா. தமிழ்க் காதில் அது வேறாகவே விழுகிறது.) சுதந்திரம், ஆர்வம், இயல்பான கற்றல் என்று நண்பர்களிடம் சரளமாகச் சொல்லும் விடைகளில் ஒன்றைக்கூட அவரால் மாவ்ஷியிடம் சொல்ல முடியவில்லை. 1848இல் இதே நகரில், பிடே வாடாவில், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார்கள். பாடம் நடத்தப் போகும் வழியில் மேலே விழுந்த சாணத்துக்கும் சேற்றுக்கும் அஞ்சாமல், மாற்றுச் சேலையோடு நடந்தவர் சாவித்திரிபாய். பள்ளிக்குள் நுழைய உரிமையற்றிருந்தவர்களின் வரலாறும், உள்ளே போக வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் ஒரே நகரில் இருக்கின்றன. அந்த வசதி தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும்.

செப்டம்பரில் ஒரு மாலை, மகளின் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. கடை விளையாட்டுக்கான பட்டியல்: வாழைப்பழம், எலுமிச்சை, தேங்காய், கத்தரிக்காய், புளி. சொற்கள் தமிழ், எழுத்து தேவநாகரி. தேங்காயின் ‘ங்கா’வுக்கு ஒரு ககரம், கத்தரிக்காயின் ‘க்கா’வுக்கு வேறொரு ககரம். தமிழ் எழுத்து ஒன்றாகவே காட்டும் ஒலிகளை அவள் இரண்டாகக் கேட்டிருந்தாள். எலுமிச்சையின் குறிலுக்கும் தேங்காயின் நெடிலுக்கும் எகரம் ஏகாரமாகப் பிரிக்கும் வசதி அந்த எழுத்தில் இல்லாததால், அங்கே அவள் தடுமாறவே இல்லை, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. புளிக்கு வெறும் ளகரம். வாழைப்பழத்தில் இரண்டு இடத்திலும் அதே ளகரத்தின் கீழே ஒரு புள்ளி. தமிழ் ழகரத்தைத் தேவநாகரியில் குறிக்க அறிஞர்கள் வகுத்த வடிவமும் இதுவே. யூனிகோடில்கூட அதற்கெனத் தனி இடம் உண்டு. இந்திப் பலகைகளில் டகரத்தின் கீழ் வரும் புள்ளியைக் கண்டு எடுத்தாளோ என்னவோ.

தாய் அழுதுவிட்டார். கணவரை அலுவலகத்தில் அழைத்து, “எழுதுறாங்க, நம்ம பொண்ணு எழுதுறா” என்றார்.

மறுநாள் விசாரித்ததில் முழுக்கதையும் தெரிந்தது. மாவ்ஷியின் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் தன் அம்மாவைத் தேடி வருபவள், மாடிப்படியின் அடியில் இரு பிள்ளைகளையும் உட்காரவைத்து ஜூன் மாதத்திலிருந்து பள்ளி நடத்திவந்திருக்கிறாள். தன் பழைய பால்பாரதி பாடநூல், ஒரு ஸ்கேல், ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. ஒவ்வொரு மெய்யையும் பன்னிரண்டு உயிர்களோடு சேர்த்து ஒப்பிக்கும் ‘பாராகடி’யைத் தினமும் பத்து முறை எழுதவைத்திருக்கிறாள். தப்பினால் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மகள் அங்கே ஒரு நாளும் தவறாமல் போயிருக்கிறாள்.

“இதுவும் இயல்பான கற்றல்தானே, அவளே விரும்பித்தானே போனா?” என்றார் கணவர். அன்ஸ்கூலிங் நூல்களும் இதைத்தான் சொல்லும். அவருக்கு அது போதவில்லை. எது நடந்தாலும் வெற்றியென்று கணக்கெழுதும் விளக்கத்தால் எதையும் அறிய முடியாது என்பது ஆய்வு செய்வோருக்கு மட்டும் தெரிந்த உண்மையன்று. தன் பிள்ளைக்குத் தான் வேண்டாமென்று ஒதுக்கியதை, மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி ஊதியமின்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அச்சிறுமியும் பள்ளிக்குப் போகாதிருந்தால்?

மாவ்ஷியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அவளுக்கு டீச்சராக வேண்டுமாம். பழகட்டும்.” பிறகு, சற்றுத் தயங்கி, பின்னக்கணக்கு மட்டும் மகளுக்கு ஏறவில்லை, தாயி பார்க்க முடியுமா என்று கேட்டார். அன்று முதல் வாரத்தில் மூன்று மாலைகள் சாப்பாட்டு மேசையில் ரொட்டிகள் நான்காகவும் எட்டாகவும் வெட்டப்படுகின்றன.

தீபாவளிக்கு மாவ்ஷி குடும்பம் ஊருக்குப் புறப்பட்ட அன்று மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். பதினைந்து நாள் பள்ளி விடுமுறையாம். வீட்டுப்பாடம் மட்டும் உண்டு. நோட்டை மார்போடு அணைத்திருந்தாள்.

“குடு, அம்மா பார்க்கிறேன்.”

“நீ பார்க்கக் கூடாது. தாயிதான் திருத்துவா.”

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மகள் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். இளையவன் பின்னாலேயே ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடினான்.