குடும்பப் பெயர் என்றொரு கட்டம்

அயல்நாட்டில் குடியேறுபவனுக்கு அந்நாட்டின் மொழிக்கு முன்பே அறிமுகமாகிவிடுபவை அதன் படிவங்கள். ஜப்பானில் வீடு பார்த்துக் குடியேறிய 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். அதன்பின் மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு என்று வரிசையாகப் படிவங்கள் வரும். எல்லாவற்றிலும் பெயருக்கான முதற்கட்டம் ஒன்றேதான்: குடும்பப் பெயர். சொந்தப் பெயருக்கு இரண்டாம் இடமே.

நம்மவரில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று கிடையாது. தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டால் நம் தேவை தீர்ந்துவிடும். கடவுச்சீட்டு எடுக்கும்போது அவ்வோரெழுத்து முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. ஆகவே நான் இந்நாட்டில் என் தந்தையாரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறேன். என் தாயார் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லியறியாத அப்பெயரைப் பல் மருத்துவரின் உதவியாளர் கூடம் முழுவதும் கேட்கக் கூவுகிறார். நான் எழுந்து செல்கிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணத்தில் ஒரு சிறு கூச்சம் வரத்தான் செய்கிறது.

பெயர் பிறழ்வது வேறொரு கதை. அயல்நாட்டார் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கத்தாகானா எழுத்தில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடில்லை. னகர ஒலி ஒன்றைத் தவிர வேறெந்த மெய்யிலும் சொல் முடிவதில்லை. எனவே 'ம்' என்று முடியும் என் தந்தையார் 'மு' என்று நீண்டுவிட்டார். என் பெயரிலுள்ள ழகரத்தைக் கடவுச்சீட்டு இரண்டு ஆங்கில எழுத்துகளாக உடைத்தது. அவற்றைப் பார்த்த ஊழியர் 'ஜு' என்று எழுதினார். அலுவலகம் அறிந்த நான் இவ்வாறு உருவானவன்.

இவற்றையெல்லாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். 2016இல் மகன் பிறந்தபோது அது வேடிக்கையாக இல்லை. பிறப்பை 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராயின், இந்நாட்டு மண்ணில் பிறந்த அக்குழந்தையும் அயல்நாட்டதுதான். அதற்கு 30 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் தகுதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தலை நிற்காத சிசுவுக்கும் கெடு உண்டு.

பிறப்புப் பதிவுப் படிவத்தின் வலப்பாதியை மருத்துவர் நிரப்பித் தருவார். இடப்பாதி பெற்றோருக்குரியது. மகனின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் சொந்தப் பெயரை எழுதி நீட்டினேன். நடுவயது கடந்த பெண் ஊழியர் அதைப் பார்த்தார். எங்கள் அட்டைகளைப் பார்த்தார். மீண்டும் படிவத்தைப் பார்த்தார். கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறொன்று (அவள் தன் தந்தையின் பெயரை விடவில்லை), பிள்ளைக்கு மூன்றாவதாக ஒன்று. ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று பெயர்கள் எப்படி என்று மிகுந்த பணிவோடு கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் விளக்கினேன். நாங்கள் தந்தையின் பெயரைத்தான் சூடுகிறோம், குலத்தின் பெயரையல்ல என்றேன். சொல்ல இயலாதது நிறைய இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததையும், பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லாதிருப்பதே எங்கள் பக்கத்தில் ஒரு மதிப்பாக ஆனதையும் அந்த மேசைக்கு எதிரே நின்று எவ்வாறு சொல்வது? என் தந்தையார் பெயரை அக்கட்டத்தில் எழுதியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்த தலைமுறைக்கும் அதுவே, அதற்கடுத்ததற்கும் அதுவே என்று ஒரு வால் முளைத்துவிடும். எம் முன்னோர் வெட்டியெறிந்த ஒன்றை ஒரு கட்டத்தின் வசதிக்காக மீண்டும் ஒட்டிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

அவர் உள்ளே சென்று மேலதிகாரியிடம் கலந்து பேசிவிட்டு வந்தார். அயல்நாட்டாரின் பெயர் அவரவர் நாட்டு வழக்கப்படியே என்றார். முத்திரை விழுந்தது. பிறகு, கேட்காமலேயே, தம் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைத் தொட்டுக் காட்டி, "இது என் பிறந்த வீட்டுப் பெயர். அலுவலகத்தில் மட்டும்தான். பதிவேட்டில் கணவர் பெயர்" என்றார். ஒரு நொடி நிறுத்தி, "நீங்கள் மூவரும் மூன்றாக இருக்கலாம். நல்லது" என்றார். அக்குரலில் இருந்தது வெறும் உபசாரமன்று.

அதன்பின்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜப்பானியச் சட்டப்படி மணமக்கள் இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும். கணவன் பெயரோ மனைவி பெயரோ எதுவாயினும் சரி என்கிறது சட்டம்; நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இணைகளில் விட்டுக்கொடுப்பவள் பெண். இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் தீர்ப்பளித்தது. அயல்நாட்டவர் குடும்பப் பதிவேடான கோசெக்கிக்கு வெளியே நிற்பவர்கள். ஆகவே இவ்விதி அவர்களைத் தொடுவதில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால் வியப்பு கூடுகிறது. இங்கும் சாமானியர்க்கு அரசு ஒப்பிய குடும்பப் பெயர் கிடையாது. 1870இல் அனுமதித்தார்கள், 1875இல் கட்டாயமாக்கினார்கள். 1876இல் வெளியான ஆணையோ, பெண் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே கொள்ள வேண்டும் என்றது! கணவன் மனைவிக்கு ஒரே பெயர் என்ற விதி 1898ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தோடு வந்தது. காலங்காலமான மரபு என்று இன்று காக்கப்படுவதன் வயது ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகள்.

அயல்நாட்டவனாக இருப்பதில் இழப்புகள் பல உண்டு. வாக்குரிமை இல்லை, அட்டை இல்லாமல் வெளியே செல்லக் கூடாது, சில வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்த்ததுமே கையை விரிப்பார்கள். ஆனால் வெளியே நிற்பவனுக்கு உள்ளிருப்பவர்க்கு இல்லாத ஒரு சுதந்திரமும் கிடைத்துவிடுகிறது. அதை நான் எந்தப் போராட்டமும் இன்றிப் பெற்றேன். அப்பெண்மணியோ தம் சொந்த நாட்டில், தாமே பணிபுரியும் அலுவலகத்தில், அதைப் பெயரட்டையின் அளவுக்குத்தான் அனுபவிக்க முடிகிறது.

மகன் இப்போது தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். வழக்கப்படி ஆசிரியர் அவனைக் 'குடும்பப் பெயரால்' அழைக்கிறார். அதாவது, என் பெயரால், ழகரம் இல்லாமல். தனக்குப் பிள்ளை பிறக்கும்போது அக்கட்டத்தில் அவன் என்ன எழுதுவான் என்பது அவன் பாடு.