பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது

2004, தீபாவளிக்கு முந்தின நாள். பெங்களூரில் எங்கள் அலுவலகம் பாதி காலியாகிவிட்டது. எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மதுரை பஸ். பெட்டியை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு பேட்சை, அதாவது கோட் மாற்றத்தை, படித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் 2.6 கெர்னல் வெளிவந்து ஒரு வருஷம்கூட நிறையாத நேரம். எங்கள் டிரைவரை அதற்கு மாற்றி எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தது. பேட்சை எழுதியது அணியில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண். 140 வரி இருக்கும். சுத்தமான கை. எடுத்த மெமரியை எல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தாள். இருபது நிமிடத்தில் முடித்து, "நல்லா இருக்கும்மா, போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

எழுபதை நெருங்குகிறேன். அந்த இருபது நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

பேட்சில் ஓர் இடத்தில் அவள் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே, பட்டியலில் ஒரு புதுப் பதிவைச் சேர்க்க ஒரு சின்ன ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தாள். அந்த ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் கிடந்த பழைய கோட். பேட்சில் அதன் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்திருந்தால் மெமரி கேட்கும் கேமாலாக் கண்ணில் பட்டிருக்கும், ஜி.எஃப்.பி. கெர்னல் என்ற குறிப்போடு. நான் உள்ளே போகவில்லை.

இந்தப் பக்கம் வராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜி.எஃப்.பி. கெர்னல் என்று சொல்லி மெமரி கேட்டால், "இப்போது இல்லையென்றாலும் காத்திருக்கிறேன்" என்று அர்த்தம். கெர்னல் பழைய பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளி இடம் பண்ணும். அதுவரை கேட்டவரைத் தூங்க வைக்கும். ஸ்பின்லாக் இதற்கு நேர் எதிர். அதற்குக் காத்திருக்கும் பிராசஸர் தூங்காது. கிடைத்ததா, கிடைத்ததா என்று நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பிடித்தவர் கண்மூடித் திறப்பதற்குள் விட்டுவிட வேண்டும். கிணற்றுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவர் கண்ணயர்ந்துவிட்டால் குடத்தோடு நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? கெர்னலில் இன்னும் மோசம். நிற்பவர்கள் இடம் விட்டால்தான் தூங்கியவரால் எழுந்திருக்கவே முடியும். இருக்கிற பிராசஸர்கள் எல்லாம் அந்த லாக்கைக் கேட்டுச் சுற்றத் தொடங்கிவிட்டால், அதை வைத்திருப்பவர் எழுந்து ஓட இடமே கிடையாது. மெஷின் அப்படியே உறைந்துவிடும்.

எங்கள் சோதனை மெஷின் ஒருநாளும் உறையவில்லை. அதில் ஒற்றை பிராசஸர். கெர்னல் வேலையை நடுவில் நிறுத்தி மாற்றும் பிரீஎம்ப்ஷன் இல்லாமல் கம்பைல் செய்த கெர்னல். அப்படிப்பட்ட கெர்னலில் ஸ்பின்லாக் என்பது வெறும் பெயர்தான், கம்பைல் ஆகும்போதே கரைந்துவிடும். மெமரியும் தாராளமாக இருந்ததால் யாரும் தூங்க வேண்டி வரவில்லை. வாடிக்கையாளரிடம் இருந்ததோ இரண்டு பிராசஸர் சர்வர். பேக்கப் ஓடி மெமரி இறுகும் ராத்திரிகளில் மட்டும் அது நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆயிற்று.

கூட்டத்தில் மேலாளர், "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். அவள் எழுந்து, "நான்தான் சார்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை அவர் அறைக்குப் போய், "எழுதினது அவள். சரின்னு சொன்னது நான். கூப்பிட்ட ஃபங்ஷனுக்குள்ள போய்ப் பார்க்காதது நான்" என்றேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் நடுவில் ஒரு ராத்திரி போய்விட்டது. அந்த ராத்திரி அவள் தூங்கியிருக்க மாட்டாள். எட்டு மாத அனுபவம் உள்ளவளுக்குத் தெரியாததைப் பார்த்துச் சொல்லத்தானே பதினைந்து வருஷ அனுபவக்காரனை உட்கார வைத்திருந்தார்கள்?

"ஒரு வார்த்தையை மாத்தினா போதும் சார், ஜி.எஃப்.பி. அட்டாமிக்" என்று அவள் திருத்தத்தோடு வந்தாள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. கோட் முழுவதையும் அச்செடுத்து, சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் கொடுத்து, லாக் பிடிக்கும் இடத்தில் சிவப்பு, விடும் இடத்தில் நீலம் போடச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "அட்டாமிக் காத்திருக்காதும்மா. அவசரத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறதுலகூடக் கை வைக்கும், அதுவும் இல்லேன்னா கையை விரிச்சுடும். அப்போ உன் கோட் எந்த வழியாப் போகும்?" அவள் விரலை வைத்துக்கொண்டே போனாள். மெமரி கிடைக்காவிட்டால் ஒரு ரிட்டர்ன். அந்த ரிட்டர்னுக்கு மேலே சிவப்பு இருந்தது, நீலம் இல்லை. லாக்கை விடாமலே வெளியே போயிருந்தாள்.

கடைசியில் எழுதிய திருத்தம் எளிமையானது. லாக்கைப் பிடிப்பதற்கு முன்பே மெமரியை வாங்கி வைத்துக்கொள்வது. கிடைக்கவில்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுவது. பிடித்த பிறகு அந்தப் பதிவு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்தால், லாக்கை விட்டுவிட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. சமையலுக்கு உட்காருமுன் சாமான்களை எடுத்து வைத்துக்கொள்வது மாதிரி.

அதன் பிறகு நான் பேட்ச் படிக்கும் விதம் மாறிவிட்டது. எல்லாம் சரியாக நடக்கும் பாதையை எழுதியவரே பத்து முறை ஓட்டிப் பார்த்திருப்பார். நான் தோற்கும் பாதையில் இறங்குவேன். இந்த லாக் எந்தத் தகவலைக் காக்கிறது என்று கேட்பேன். ஒரே வாக்கியத்தில் பதில் வராவிட்டால் லாக்கிலேயே ஏதோ கோளாறு. கருவிகளும் வந்துவிட்டன. இங்கோ மோல்னார் எழுதிய லாக்டெப் 2006இல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. ஒருவர் முதல் லாக்கைப் பிடித்து இரண்டாவதைக் கேட்பதும், இன்னொருவர் இரண்டாவதைப் பிடித்து முதலாவதைக் கேட்பதும் இரு வேறு நாள்களில் நடந்தால்கூட, அது வரிசையை நினைவில் வைத்திருந்து, மெஷின் முட்டிக்கொண்டு நிற்பதற்கு முன்பே எச்சரிக்கும். முதல் முறை அந்த எச்சரிக்கையைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கருவி வந்தாலும் ஆள் படித்தாக வேண்டும். கெர்னல் முழுவதற்கும் ஒரே லாக்காக 1996இல் வந்த பெரிய பூட்டை ஒவ்வோர் இடமாகக் கழற்றி, 2011இல்தான் மொத்தமாக நீக்கினார்கள். பதினைந்து வருஷம் பலபேர் பொறுமையாகப் படித்த வேலை அது.

போன மாதம் அவள் போன் செய்தாள். இப்போது அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர். புதிதாகச் சேர்ந்த பையனின் பேட்ச் ஒன்றில் ஏதோ உறுத்துகிறதாம், என்னவென்று பிடிபடவில்லையாம். எனக்குப் பொடி எழுத்து இப்போது தெரிவதில்லை. "நீயே வாய்விட்டுப் படிம்மா" என்றேன். படித்தாள். லாக், இஃப், கேமாலாக், மறுபடி ஓர் இஃப். நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பதாவது வரி வாக்கில் குரல் நின்றது.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அவனையும் கூப்பிட்டுக்கறேன். அவனே படிக்கட்டும்."