ஏழு தடவை கழுவிய கை

கல்முனைக்குடியில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் உழ்ஹிய்யா இறைச்சி வீடு வீடாக வரும். கறி, பொரியல், மிஞ்சியது உப்பிட்டு வெயிலில். 2019ஆம் ஆண்டு எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா புதிதாக ஒன்று செய்தார்.

இரண்டு கிலோ தொடை இறைச்சி, முள்ளில்லாமல் ஒரே கட்டியாக. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரில் போட்டு ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். மறுநாள் மிளகும் கராம்பும் சேர்த்து மூன்று மணித்தியாலம் மெல்லிய தீயில் அவித்தார். அரைத்த கடுகு, பழுப்புச் சீனி, முட்டை மஞ்சட்கரு மூன்றையும் குழைத்து மேலே பூசி, பாண் தூள் தூவினார். வீட்டில் அவன் இல்லை. பேக்கரியில் பாண் எடுத்து முடிந்த போறணைக்குள் முதலில் கரட், பீட்ரூட், வத்தாளங்கிழங்குத் தட்டை விட்டார். அவை வெந்த பிறகுதான் இறைச்சியை நடுவில் வைத்தார். இரண்டையும் ஒன்றாக வைத்தால் கிழங்கு வேக முன்னர் சீனி கருகிவிடுமாம்.

இது சுவீடன் நாட்டு நத்தார்ச் சாப்பாடு. அங்கே டிசம்பர் 24இல் இப்படிச் செய்வது பன்றித் தொடையை.

ராத்தா 2014இல் டுபாய்க்குப் போனவர். வேலை செய்த வீடு ஒரு சுவீடன் குடும்பத்தினுடையது. டுபாயில் பன்றி இறைச்சியைக் கடைகளில் முஸ்லிமல்லாதோருக்கான தனிப் பகுதியில் விற்கிறார்கள். முதல் நத்தாருக்கு வீட்டுக்காரப் பெண் அங்கே வாங்கி வந்து இவர் கையில் கொடுத்து, செய்முறையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தத்தை முறித்தால் செலவெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும் என்று முகவர் சொல்லி அனுப்பியிருந்தார். ராத்தா வாய் திறக்கவில்லை. செய்து கொடுத்தார்.

“பொறகு என்ன செய்தீங்க?” என்று கேட்டேன்.

“கழுவினன் தங்கச்சி. ஏழு தரம். ஒரு தரம் மண்ணால. பன்னிரண்டாம் மாடியில மண்ணுக்கு எங்க போற? பூச்சாடியில இருந்து அள்ளினன்.”

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் முறை அது. கழுவும் தொட்டியில் மண்ணைக் கண்டு அந்தப் பெண் விசாரித்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்து, “சொல்லியிருந்தால் நானே செய்திருப்பேனே” என்றாராம். அடுத்த வருடம் தன்னுடையதைத் தானே செய்து, இவருக்கென்று வேறு சட்டியில் மாட்டிறைச்சியில் அதையே செய்யக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

நான் சமூகவியல் படித்தவள். புலம்பெயர் தொழிலாளர் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவள். ஆனால் இதைக் கேட்டதும் என் வாயிலிருந்து முதலில் வந்தது, “சாப்பிட்டீங்களா ராத்தா?” என்பதுதான். சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா, கடவுச்சீட்டை யார் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் வேறெவரிடமும் முதலில் கேட்பேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. விலக்கப்பட்டவற்றைச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்து 173ஆம் வசனமே நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவருக்குச் சலுகையும் சொல்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல.

போகுமுன் ராத்தாவுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். உடுப்புக் கழுவும் இயந்திரம், தூசு உறிஞ்சும் இயந்திரம், நாலு வார்த்தை அரபு. “இது என்னால் முடியாது” என்ற வசனத்தை எந்த மொழியிலும் அவருக்கு யாரும் பழக்கவில்லை. இப்போது வெளிநாடு போகும் பெண்களைச் சந்திக்கும்போது அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். இரண்டு மூன்று தடவை உரத்துச் சொல்ல வைக்க வேண்டும்.

ராத்தாவின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், முக்கியமாக மாமிக்குத் தெரியக்கூடாது என்றார்.

அன்று தட்டைத் திறந்ததும் கடுகு வாசம் வாசல்வரை வந்தது. மாமி ஒரு துண்டு தின்றார், இன்னொன்றை எடுத்தார். பீட்ரூட்டை மட்டும் ஒதுக்கினார்.

“நல்லாத்தான் இரிக்கு புள்ள. ஆருட்டப் படிச்ச?”

ராத்தா என்னைப் பார்த்தார். “டுபாயில மாமி” என்று சொல்லிவிட்டு மாமியின் கோப்பையில் கிழங்கை வைத்தார்.